நௌஷீனின் குளிர்தொட்டித் தண்ணீரும் சாலம்மாளின் வேலையும் குறித்து

அனுப்புநர்:
அ. ரஜியா பேகம் (வயது 34),
க/பெ. அன்சர் பாஷா,
பழைய சந்தைத் தெரு,
காட்டுமேடு பேரூராட்சி,
கள்ளக்குறிச்சி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
கள்ளக்குறிச்சி.

பொருள்: எங்கள் வீட்டுக் குளிர்தொட்டியை அகற்றும்படி தரப்பட்ட அறிவிப்பை ரத்து செய்யவும், அத்தொட்டியின் காரணமாக வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட கொசு ஒழிப்புப் பணியாளர் திருமதி சாலம்மாளை மீண்டும் பணியில் சேர்க்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: பேரூராட்சி அறிவிப்பு, நாள் 05.05.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் ஒரே மகள் நௌஷீனுக்கு ஒன்பது வயது. நான்காம் வகுப்பு முடித்திருக்கிறாள். அவளுக்குப் பிறவியிலேயே வியர்வைச் சுரப்பிகள் இல்லை. வெயிலில் நமக்கு வியர்த்து உடம்பு ஆறுவதுபோல் அவளுக்கு ஆறாது. சூடு உள்ளேயே நின்றுவிடும். கைக்குழந்தையாக இருந்தபோது, என்ன காய்ச்சல் என்று தெரியாமலே பதினோரு முறை மருத்துவமனையில் சேர்த்தோம். மூன்றாம் வயதில் சேலத்தில் ஒரு மருத்துவர் அவள் உள்ளங்கையைத் தடவிப் பார்த்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். இதற்கு மருந்து இல்லை, உடம்பு சூடேறாமல் பார்த்துக்கொள்வது ஒன்றே வழி என்றார்.

2. இரண்டு ஆண்டுகளுக்கு முன் மே மாதம், குளிர்சாதனப் பெட்டி மெக்கானிக்கான என் கணவர் ஒரு வேலையாகக் கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்குப் போனபோது எங்களையும் அழைத்துச் சென்றார். அங்கே ஓடைத் தண்ணீரில் முங்கி எழுந்து, நனைந்த உடையோடு மகள் மலைப் பிள்ளைகளுடன் பகல் முழுக்க ஓடினாள். அவள் ஓடி நான் பார்த்தது அதுவே முதல் முறை. இறங்கி வரும் பேருந்தில், "ம்மா, இந்தத் தண்ணிய வூட்டுக்கு எடுத்துக்கினு போலாமா?" என்று கேட்டாள். அடுத்த வாரமே என் கணவர் ஒரு பெரிய பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியைப் பாதியாக அறுத்து, சுற்றிலும் தெர்மோகோல் ஒட்டி, பழைய வாட்டர் கூலரின் கம்ப்ரசரைப் பொருத்திப் பின்கட்டில் குளிர்தொட்டி செய்துவிட்டார்.

3. தண்ணீரைக் குளிரவைக்க அவருக்குத் தெரிந்திருந்தது. சுத்தமாக வைத்திருக்க எங்கள் இருவருக்குமே தெரியவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். மூன்றாவது வாரம் தொட்டியின் ஓரம் வழுக்கியது. மகளின் முதுகில் கொப்புளம் வந்தது. பிளீச்சிங் பவுடர் போட்டோம். வறண்ட தோல் உரிந்தது. பிறகு மருத்துவரைக் கேட்டு ஒழுங்கு செய்துகொண்டோம். தலையில் எண்ணெயோடு அவள் இறங்குவதில்லை. சோப்புப் போட்டுக் குளித்துவிட்டே இறங்குவாள். சிறு மோட்டார் ஒன்று தண்ணீரை வடிகட்டிப் பஞ்சின் வழியே சுற்றிவிடும். அந்தப் பஞ்சை நான் தினமும் அலசுகிறேன். மூன்று நாளுக்கு ஒருமுறை முழுத் தண்ணீரையும் வாழைக்குத் திறந்துவிட்டு, தொட்டியைத் தேய்த்து, வெயிலில் காயவைத்து நிரப்புகிறோம். அவள் உள்ளே இல்லாத நேரமெல்லாம் கொசுவலைத் துணி கட்டிய மூடி போட்டிருக்கும்.

4. சென்ற ஆண்டு ஏப்ரலில் கொசு ஒழிப்புப் பணிக்கு வந்த சாலம்மாள், வீட்டில் நான் இல்லாத நேரத்தில், தண்ணீரைக் கண்டதும் புழுக்கொல்லி மருந்தை ஊற்றிவிட்டுப் போனார். அது மற்றவர்களுக்குத் தீங்கில்லாத அளவுதான். ஆனால் வெடிப்பு விழுந்த இவள் தோலுக்கு ஆகாது என்று மருத்துவர் சொன்னதால், இருந்த தண்ணீரையெல்லாம் திறந்துவிட்டோம். அன்று குழாயில் தண்ணீர் வரும் முறை இல்லை. பகல் இரண்டு மணிக்கு மகளின் உடம்பு நூற்று நான்கு டிகிரியைத் தொட்டது. ஈரத்துணி சுற்றிக் கையில் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினேன்.

5. மாலையில் நாங்கள் வீடு திரும்பியபோது வாசலில் எட்டுக் குடம் தண்ணீர் வரிசையாக இருந்தது. பக்கத்தில் சாலம்மாள் உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஐம்பது வயதுக்கு மேல். விஷயம் கேள்விப்பட்டு, தெருக்கோடி அடிபம்பிலிருந்து அவரே சுமந்து வந்ததாக அண்டை வீட்டார் சொன்னார்கள். "தண்ணி நின்னா மருந்த ஊத்துன்னு சொன்னாங்க, ஊத்திட்டேன். உள்ள கொழந்த எறங்குதுன்னு எனக்கு இன்னா தெரியும்ங்க" என்று சொல்லிக்கொண்டே மகளின் காலைப் பிடித்துப் பார்த்தார். சூடு தணிந்திருப்பது தெரிந்த பிறகுதான் எழுந்து போனார்.

அதன்பின் ஓராண்டாக ஒரு புதன்கிழமையும் அவர் தவறியதில்லை. டார்ச் அடித்துப் பார்ப்பார். வெள்ளைக் கரண்டியில் நான்கு பக்கத்திலும் மொண்டு பார்ப்பார். மூடியின் வலையில் கிழிசல் இருந்தால் அங்கேயே ஊசி வாங்கித் தைப்பார். எங்கள் வீட்டு அட்டையில் ஐம்பத்திரண்டு வாரமும் "புழு இல்லை" என்றே எழுதியிருக்கிறார். அட்டையின் நகலை இணைத்துள்ளேன்.

6. கடந்த 23.04.2025 அன்று புதிதாக வந்த மேற்பார்வையாளர், மருந்தை ஊற்றும்படி அவரிடம் சொன்னார். "புழு இல்லாத தண்ணிக்கு எதுக்கு சார் மருந்து? கொழந்த எறங்குற தண்ணி, நான் ஊத்த மாட்டேன்ங்க" என்றார் சாலம்மாள். "அப்ப நாளையிலேர்ந்து வராத" என்று மேற்பார்வையாளர் சொன்னதை நானும் என் மகளும் அருகில் நின்று கேட்டோம். பன்னிரண்டு நாள் கழித்து, பதினைந்து நாளில் தொட்டியை அகற்ற வேண்டும் என்ற அறிவிப்பு வந்தது. மேற்பார்வையாளர் மேல் எனக்குக் கோபமில்லை. எங்கள் தெருவில் சென்ற மழைக்காலத்தில் இரண்டு பேருக்கு டெங்கு வந்தது. அவர் பயம் நியாயமானது. தொட்டி எதற்கு என்று அவர் கேட்கவில்லை. அவரிடம் எடுத்துச் சொல்ல எனக்கும் அந்த நேரத்தில் நாக்கு எழவில்லை. அதற்காக இன்றுவரை வருந்துகிறேன்.

7. சாலம்மாள் இப்போது மரவள்ளிக் காட்டில் களை எடுக்கப் போகிறார். போன புதன்கிழமை வேலை முடிந்து, மண் அப்பிய காலோடு வந்து டார்ச் அடித்துப் பார்த்தார். இந்த மனுவைப் பற்றிச் சொன்னதும், "எனக்காவ நீங்க எழுதிக்கினு அலைய வேணாம், பாப்பாவுக்கு மட்டும் எழுதுங்க" என்றார். அவர் பேச்சை மீறியே இரண்டையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

ஆகவே, அலுவலர் ஒருவரை அனுப்பித் தொட்டியையும் தண்ணீரையும் சோதித்து, அறிவிப்பை ரத்து செய்யவும், செய்யாத தவறுக்காக வேலை இழந்த சாலம்மாளை அவருடைய பழைய தெருக்களிலேயே பணியமர்த்தவும் ஆணையிடுமாறு தங்களை மன்றாடிக் கேட்கிறேன். சோதனைக்கு எந்த நாளும் முன்தகவல் இல்லாமல் வரலாம். பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று மணிவரை மகள் தொட்டிக்குள் இருப்பாள். அந்த நேரத்தில் வந்தால், அவள் எழுந்து துண்டைப் போர்த்திக்கொள்ளும்வரை மட்டும் வாசலில் சற்றுப் பொறுத்திருக்கும்படி அலுவலரிடம் தாங்கள் சொல்லியனுப்ப வேண்டும்.

இணைப்பு: மருத்துவச் சான்று, வீட்டு அட்டை நகல், அறிவிப்பு நகல்.

இடம்: கள்ளக்குறிச்சி
நாள்: 12.05.2025

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
அ. ரஜியா பேகம்