சுவரைப் பார்த்துத் திருப்பிய நாற்காலி

அன்புள்ள வாண்டுவின் அம்மாவுக்கு,

நாங்கள் இங்கே சௌக்கியம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். அதை எழுதும் முன் உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை, "இனிமே நான் போனே பண்ண மாட்டேன், அவளுக்கு நான் யாருன்னே மறந்துபோச்சு" என்று வாண்டுவைச் சொல்லி அழுதுகொண்டே போனை வைத்துவிட்டாய். உன் விடுதி வராந்தாவில் இருக்கும் அந்தப் பொதுத் தொலைபேசிக்கு இங்கிருந்து கூப்பிட வழியில்லை. அதனால்தான் கடையை மத்தியானமே சாத்திவிட்டு, பழுதுபார்க்க வந்து மேசையில் கிடந்த தராசுகளை ஓரமாக ஒதுக்கி வைத்து இதை எழுதுகிறேன். பாதியில் கோபம் வந்து கிழித்துப் போட்டுவிடாதே. கடைசிவரை படி.

இரண்டு வாரத்துக்கு முன்னால் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு சீட்டு வந்தது. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் கண், காது, எழுத்து, வாசிப்பு எல்லாவற்றையும் பரிசோதிக்கப் போகிறார்களாம், அதுவும் இலவசமாக. இலவசம் என்றதுமே எனக்கு உறுத்தியது. கண்ணாடிக் கடைக்காரன் எவனாவது பின்னால் இருப்பான் என்று நினைத்தேன். படிப்பு ஏறாத பிள்ளைகளைக் கழித்துக்கட்டப் பள்ளிக்கூடமே செய்யும் ஏற்பாடோ என்றும் ஓடியது. கையெழுத்துப் போடாமல் நாலு நாள் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். நீ என்னைச் சந்தேகப் பிராணி என்று கூப்பிடுவது சும்மாவா? கண்டவன் கடைத் தராசையெல்லாம் பிரித்துப் பார்த்து வயிறு வளர்க்கிறவனுக்கு வேறு புத்தி எங்கிருந்து வரும்? கடைசியில் வகுப்பு டீச்சர் வாசலில் மடக்கிக் கேட்டதால் போட்டுக் கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு ஆள் அனுப்பிவிட்டார்கள். போய்ப் பார்த்தால், விளையாட்டுச் சாமான் போட்டு வைக்கும் அறையில், நம் வாண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். பிள்ளையைச் சுவரைப் பார்க்க உட்கார வைப்பதுதான் உங்கள் பரிசோதனையா என்று கத்திவிட்டேன். காது சோதிக்கும் பெண் சின்ன வயது. பதறாமல் என்னை ஒரு ஸ்டூலில் உட்கார வைத்து நடந்ததைச் சொன்னாள்.

முதலில் எதிரெதிரே உட்கார்ந்துதான் சோதித்தாளாம். தலையில் மாட்டிய கருவியில் சத்தம் கேட்கும்போதெல்லாம் கை தூக்க வேண்டும். வாண்டு ஒன்றுவிடாமல் தூக்கினாளாம். அவ்வளவு சரியாகத் தூக்கியதுதான் அந்தப் பெண்ணுக்கு உறுத்தியிருக்கிறது. சத்தமே விடாமல், பொத்தானை அழுத்துகிற மாதிரி விரலை மட்டும் அசைத்திருக்கிறாள். வாண்டு அப்போதும் கை தூக்கிவிட்டாள். அதற்கப்புறம்தான் நாற்காலியைத் திருப்பிப் போட்டாளாம். திருப்பிய பிறகு, சத்தத்தை நன்றாகக் கூட்டும்வரை கை மடியிலேயே இருந்ததாம்.

நான் விடுவேனா? உங்கள் மெஷின் பழுதாக இருக்கும் என்றேன். கொடுங்கள் என்று வாங்கி என் தலையில் மாட்டிக்கொண்டேன். வலது காது, இடது காது, பிறகு மாற்றி மாட்டி மறுபடியும். கொசு ரீங்காரம் மாதிரி மெல்லிய சத்தம்கூட எனக்குத் துல்லியமாகக் கேட்டது. மெஷின்மேல் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. "ஐயா, மூணு வருஷமா இந்த வேலையில இருக்கேன், மெஷினைச் சோதிச்ச முத அப்பா நீங்கதான்" என்று அந்தப் பெண் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் வாண்டுவின் நோட்டையும் காட்டினாள். கரும்பலகையைப் பார்த்து எழுதினால் ஒரு பிழை கிடையாது. டீச்சர் நடந்துகொண்டே வாசிக்க, கேட்டு எழுதினால் பாதிக்கு மேல் தப்பு. அந்தப் பக்கங்களில் எல்லாம் சிவப்பு மையில் 'கவனம் இல்லை' என்று டீச்சர் எழுதியிருக்கிறார். கீழே என் கையெழுத்தும் இருக்கிறது. நானும்தானே அவளைத் திட்டினேன்.

அப்படியும் மனம் ஒப்பவில்லை. ஒரு தராசைச் சோதிக்க எடைக்கல்லைத் தட்டின் நடுவில் மட்டும் வைத்தால் போதாது. நடுவில் சரியாகக் காட்டுகிற தராசு மூலையில் வைத்ததும் பல்லிளித்துவிடும். அன்று சாயங்காலம் வாண்டு கூடத்தில் படம் வரைந்துகொண்டிருந்தாள். எதிரில் நின்று மெதுவாகக் கூப்பிட்டேன். உடனே நிமிர்ந்தாள். பக்கவாட்டில் போய்க் கூப்பிட்டேன். கொஞ்சம் கழித்துத் திரும்பினாள். பின்னால் கதவோரம் நின்று கூப்பிட்டேன். பத்துத் தடவை கூப்பிட்டேன். பச்சைப் பென்சிலால் மரத்துக்கு இலை போட்டுக்கொண்டே இருந்தாள்.

முன்னால் போய் உட்கார்ந்து, அம்மாவிடம் ஏன் சரியாகப் பேச மாட்டேன் என்கிறாய் என்று கேட்டேன். "அம்மா போன்ல வாயே இல்லாம பேசுறாங்க. எல்லாருக்கும் அப்படித்தானேப்பா?" என்றாள். வாய் தெரிந்தால்தான் பேச்சு புரியும் என்று இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறது நம் பிள்ளை. எல்லோருக்கும் அப்படித்தான் என்று நினைத்ததால் ஒரு நாளும் சொல்லவில்லை. நீ அவள் மறந்துவிட்டாள் என்றாய், டீச்சர் கவனமில்லை என்றார், நான் பிடிவாதம் என்றேன். நம் மூன்று பேருக்கும் அவள்மேல் சந்தேகம் வந்ததே தவிர, அவள் காதின்மேல் வரவில்லை.

இனிமேல் எழுதப்போவதுதான் உனக்குக் கஷ்டமாக இருக்கும். என் அக்கா இந்த வீட்டை விட்டுப் போய் ஒரு மாதம் ஆகிறது. போனில் பேசும்போது பக்கத்தில் முணுமுணுப்பு கேட்கிறது, உங்கள் அக்கா நம் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்து என்னிடமிருந்து பிரிக்கிறாள் என்று நீ சொன்னாய். எனக்கும் பாதி சந்தேகம் தட்டியது. வாண்டு போன் பேசும்போது பக்கத்தில் நிற்காதே என்று அக்காவிடம் சொன்னேன். மறுநாளே பையைத் தூக்கிக்கொண்டு தன் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். நானும் தடுக்கவில்லை. அதற்கப்புறம்தான் வாண்டு 'ம், சரி' என்று இரண்டு வார்த்தையோடு போனை என் கையில் திணிக்க ஆரம்பித்தாள். யோசித்துப் பார்.

நேற்று அக்காவைத் தேடிப் போனேன். வாசலிலேயே, "தராசையே நம்பாதவன் என்னை எப்படி நம்புவே" என்று கேட்டாள். பரிசோதனையில் தெரிந்ததைச் சொன்னேன். கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தைக் கையில் வைத்தபடியே உட்கார்ந்துவிட்டாள். "போன்ல இரைச்சல், அதான் புள்ளைக்குப் புரியலைன்னு நெனச்சேன்டா. என் மூஞ்சியையே பாக்கும். போன்ல காதை ஒட்டி வச்சு, அவ அம்மா சொன்னதைத்தான் திருப்பிச் சொன்னேன். ஒரு சொல்லு நான் சேத்ததில்ல" என்று அழுதாள். அவள் முணுமுணுத்ததெல்லாம் உன் வார்த்தைதான். நாம் இரண்டு பேரும் சேர்ந்து அதை நிறுத்திவிட்டோம். அக்கா முன்னால் எனக்குத் தலை நிமிரவில்லை.

வருகிற புதன்கிழமை பெரிய மருத்துவமனையில் நேரம் வாங்கியிருக்கிறேன். செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டியிருக்கலாம், அப்படியானால் சரிசெய்துவிடலாம் என்று அந்தப் பெண் சொன்னாள். நரம்பில் குறை என்றால் காதில் கருவி மாட்ட வேண்டியிருக்கும் என்றும் சொன்னாள். எதுவென்று டாக்டர் பார்த்துச் சொன்னதும் உனக்கு எழுதுகிறேன். வேலை ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு ஊருக்கு ஓடிவராதே. வரவேண்டிய அவசியம் வந்தால் ஒளிக்காமல் சொல்வேன். வகுப்பில் இப்போது அவளை முன் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

இந்தக் கடிதம் கைக்கு வந்ததும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை வழக்கமான நேரத்துக்குக் கூப்பிடு. அக்கா வந்து நிற்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள், நீ வேண்டாம் என்று சொல்லாமல் இருந்தால். முதலில் அவளிடம் ஒரு வார்த்தை பேசு. என்ன பேசுவது என்று நான் சொல்லித்தர மாட்டேன். பிறகு வாண்டுவிடம் பேசு, நிதானமாக, ஒவ்வொரு வரியாக. நீ ஒரு வரி சொல்லி முடித்ததும் இந்தப் பக்கம் பழைய முணுமுணுப்பு கேட்கும். அதைக் கேட்டதும் மனம் சுணங்கி நிறுத்திவிடாதே. பேசிக்கொண்டே இரு. உன் மகள் உன்னைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

இப்படிக்கு,
உன் சந்தேகப் பிராணி