கதையில் இல்லாதவன்

தாய்வீட்டிலேயே தங்கிவிட்டவளுக்கு,

ரோமில் வெயில் குறையவில்லை. கர்தினால் கேட்ட படமும் முடியவில்லை. ஆறு, அருவி, மரமெல்லாம் நான் தீட்டிவிட்டேன். ஆட்களைத் தீட்டப் புதிதாக ததேயோ என்றொருவன் வருகிறான். பழைய புராணக் கதைப்படி, கரையில் பூப்பறிக்கும் புரோசர்பினாவைத் தீட்டினான். அவளைப் பாதாளத்துக்குத் தூக்கிப்போக வரும் தேவனின் தேரைப் புதருக்குப் பின்னால் வைத்தான்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பாறைமேல் ஒருவனையும் உட்கார வைத்துவிட்டான். மடியில் தாள், குனிந்த தலை.

"இவன் யாருடா? கதையிலயே இல்லையே?" என்றேன்.

"அருவி எவ்ளோ பெருசுன்னு தெரிய ஒரு ஆளு வேணும்லண்ணே. உங்கள மாதிரி படம் வரையிறவன்னு வச்சுக்குங்க. அவன் பாட்டுக்கு வரையட்டுமே!" என்று சிரித்தான். நம் வீட்டு விஷயம் அவனுக்குத் தெரியாது.

மூன்று முறை அந்தப் பாறைக்காரன்மேல் புதர் தீட்டினேன். காய்ந்ததும் பச்சைக்கு அடியில் அந்த முதுகு தெரிகிறது. அவள் தண்ணீரோரம் நிற்கிறாள். அவன் நிமிரவே மாட்டேன் என்கிறான்.

அன்று திவோலி அருவிக் கரையில் ரொட்டிக் கூடையை எடுக்க நீ மேட்டுக்குப் போனாய். "பாப்பாவப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாய். "சரி, சரி" என்றேன். வெளிச்சம் மாறுவதற்குள் அருவியை வரைந்து முடிக்க வேண்டியிருந்தது. நான் நிமிர்ந்தபோது தண்ணீரோரம் பாப்பா இல்லை. பிறகு பாதிரியார் கேட்டபோதும், உன் அம்மா கேட்டபோதும், நீ ஒன்றும் சொல்லாமல் போய்விட்டதாகச் சொன்னேன்.

இன்று காலை அந்தப் புதரைச் சுரண்டி எடுத்துவிட்டேன். அவன் அங்கேயே இருக்கட்டும்.

இதை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டு.

இப்படிக்கு,
பாறைமேல் இருந்தவன்