பந்தியில் மூன்றாம் பாயசம்

அன்புள்ள ஆவுடைத்தாய்க்கு,

உன் முழங்கால் வலி எப்படி? வைரஸ் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்து குறைந்த என் எடை திரும்பிவிட்டது. ஆனால் போனது தொடைச் சதை, வந்தது தொப்பை என்கிறார் டாக்டர். வகுப்பில் தலைக்கணக்கு சரி, உழைக்கிற பிள்ளைகள் போய்த் தூங்குமூஞ்சிகள் சேர்ந்த மாதிரி.

நேற்று இங்கே ஓசூரில் நம்மூர் மகேஸ்வரனின் புது வீட்டுப் பால்காய்ப்பு. பந்தியில் தரையில் உட்கார்ந்த என்னால் சாப்பிட்டபின் எழ முடியவில்லை. பாயசத்துக்குக் காத்திருக்கிறேன் என்று நினைத்து மகேஸ்வரன், "ஏலே, சார்வாளுக்கு இன்னும் ஊத்து!" என்றான். வெட்கத்தில் மூன்று முறை குடித்தேன். கடைசியில், "கையைத் தாங்க, பைய எந்திரிங்க" என்று அவனே தூக்கிவிட்டான்.

சத்துக்கு முட்டை தின்னச் சொன்ன டாக்டர், சைவம் என்றதும் சுண்டலுக்கு இறங்கினார். வறுத்த பயறு கொஞ்சம் அனுப்பு.

பொங்கலுக்கு வீட்டுக்கு வருகிறேன். தரையிலேயே இலை போடு. நீயும் பக்கத்தில் உட்கார். ஒருவரையொருவர் பிடித்து எழுந்துவிடலாம்.

பள்ளி மணி அடித்துவிட்டது.

உன்
குமரகுருபரன்