விறகடுப்பு செய்த வேலை
ஓரெஸ்ட்,

வேலைக்குக் கிளம்பிவிட்டேன். பெரோகிக் கொழுக்கட்டை ஃப்ரிட்ஜில் இருக்கிறது. வெங்காயம் வதக்கிப் போட்டுச் சாப்பிடு.

நேற்று, வீட்டைச் சூடாக்கும் கேஸ் ஃபர்னஸை ரிப்பேர் பார்க்க வந்தவர் சிரித்துவிட்டார். "மிஷின் நல்லாத்தாங்க இருக்கு. மேல்தளத்துல உங்க வீட்டுக்காரர் விறகடுப்பு மூட்டுறாரு. சூட்டை அளக்குற தெர்மோஸ்டாட் அடுப்புக்குப் பக்கத்துலயே இருக்கு. வீடு முழுக்க சூடுன்னு நம்பி ஃபர்னஸை நிறுத்திடுது. அப்புறம் பேஸ்மென்ட் ஐஸ்பெட்டிதான்!"

"விறகு இருக்கும்போது கேஸ் எதுக்கு?" என்று மார்தட்டினாயே! வெளியே மைனஸ் முப்பது. நீ அடுப்பு முன்னால் கால் நீட்டிக் கிடக்கிறாய். உன்னோடு சண்டை போட்டுக் கீழே பேஸ்மென்ட்டில் படுக்கப்போன நான், மூன்று நாளாகக் கோட்டோடு விறைத்துக் கிடக்கிறேன்.

இன்று விறகைத் தொடாதே.

டார்லீன்

பி.கு: தொட்டே தீருவாய் என்றால், நீ கீழே வந்து படு. நான் மேலே வர மாட்டேன். போர்வை பெரியதுதான்.