அடுத்த ஊர் எது என்று அப்பா கேட்கிறார்

சாந்தோம்,
ஞாயிறு மதியம்.

என் அன்பு மகள் சோஃபிக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே நாங்கள் நலம் என்று எழுதத்தான் கை தானாகப் போகிறது, பாதி நலம் என்று எழுதினால்தான் உண்மையாக இருக்கும், அந்தப் பாதிக்கும் அவருக்குத் தோத்திரம். நீ அந்தக் குளிரில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்கவேண்டும் என்று காலைப் பூசையில் கேட்டுக்கொண்டேன். பூசை என்றால் கோயிலில் இல்லை, அப்பாவைத் தனியாக விட்டுப் போக முடியாததால் இப்போதெல்லாம் போனில்தான் பார்க்கிறேன், சாமியார் நற்கருணை கொடுக்கும் நேரத்தில் அடுப்பில் பால் பொங்கிவிட்டது. போன் இருக்கும்போது ஏன் கடிதம் என்று கேட்பாய். பக்கத்து வீட்டு ஆஃப்ரீனுக்கு நியூரம்பெர்க்கில் வேலை கிடைத்து புதன்கிழமை புறப்படுகிறாள், உன் எர்லாங்கனுக்கு அங்கிருந்து கூப்பிடு தூரம்தானாமே, அவள் கையில் ரசப்பொடியும் பருப்புப்பொடியும் கொடுத்தனுப்புகிறேன், அதோடு இதையும். போனில் பேசினால் நீ சரிம்மா சரிம்மா என்று அவசரமாக முடித்துவிடுகிறாய், நானும் அழுதுவிடுகிறேன், அதோடு இந்த வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் அப்பா காதில் விழும். அவருக்குப் பேச்சுதான் போயிற்றே தவிர காது முன்னைவிடக் கூர்மையாகிவிட்டது.

போன வாரம் நீ சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு செமஸ்டர் லீவு கேட்டு எழுதப் போகிறேன், டிசம்பரோடு வந்துவிடுகிறேன், இனிமேல் சனி ஞாயிறு எந்த ஊருக்கும் போகமாட்டேன், ப்ராகுக்குப் போட்ட டிக்கெட்டையும் கேன்சல் பண்ணிவிட்டேன் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். லிண்டா அத்தை குடும்ப குரூப்பில் போட்டதைப் படித்துவிட்டுத்தான் இந்த முடிவு என்று எனக்குத் தெரியாதா. அப்பன் படுக்கையில், மகள் பாலத்து மேல் போஸ் கொடுக்கிறாள் என்று அவள் எழுதியதைப் பார்த்தபோது எனக்கே தாங்கவில்லை, உனக்கு எப்படி இருந்திருக்கும். ஆனால் அதற்கு முன்னும் பின்னும் இங்கே நடந்தது உனக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன், முழுசாகப் படி, நடுவில் விட்டுவிட்டு எனக்குப் போன் போடாதே.

ஜூனில் பக்கவாதம் வந்து அப்பா விழுந்தபோது நீ ஓடி வந்தாய், அவர் கண் திறந்ததும் பரீட்சைக்குத் திரும்பிப் போ என்று நான்தான் அனுப்பினேன். அதன் பிறகு நீ வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம் அவர் சுவர் பக்கம் திரும்பிக்கொள்வார். உன்மேல் கோபம் என்று நீ நினைத்தாய், அப்படி இல்லை, கோணிய வாயை மகள் பார்க்கக்கூடாது என்று வெட்கம், அவ்வளவுதான். வாரத்தில் இரண்டு முறை தரமணி ஆஸ்பத்திரிக்குப் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப் போகிறேன். லிப்ட் இல்லாத மாடியிலிருந்து அவரை நாற்காலியோடு இறக்குவதற்கு ஆட்டோக்காரர் பவுல்சாமி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அடையாறில் மெட்ரோவுக்குத் தோண்டி வைத்திருப்பதில் ஆட்டோ குலுங்குகிற ஒவ்வொரு தடவையும் அவருக்கு வலிக்கும், வாயைத் திறந்து சொல்ல முடியாமல் என் கையை நசுக்குவார். அங்கே சொல்லிக்கொடுக்கும் பெண் பெயர் மஹ்விஷ், ராயப்பேட்டைப் பெண், உன்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும், தங்கமான பொறுமை. முதலில் அட்டையில் ஆப்பிள், கோப்பை, நாற்காலி என்று படம் காட்டி இது என்ன என்று கேட்டாள். பள்ளிக்கூட ஆபீசில் தலைமை எழுத்தராக இருந்து வாத்தியார்களையே மிரட்டிய மனுஷனிடம் ஆப்பிளைக் காட்டினால் அவமானமாகத்தானே இருக்கும். ஒரு நாள் எல்லா அட்டையையும் இடது கையால் தள்ளித் தரையில் கொட்டிவிட்டார். நான் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தேன், இடுப்பு நிமிரவில்லை, இனி இந்த மனுஷன் பேசவே போவதில்லை என்று மனசில் முடிவு கட்டிவிட்டேன்.

அந்த நேரத்தில்தான் நீ ரெகன்ஸ்பர்க் போயிருந்தபோது எடுத்த படம் வந்தது. எண்ணூறு தொள்ளாயிரம் வருஷத்துக் கல்பாலம் அப்பா, இன்னும் அப்படியே நிற்கிறது, ஜனங்கள் இப்போதும் இதன் மேல்தான் நடக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். போன் சத்தம் கேட்டதும் அவர் கையை நீட்டினார். கொடுத்தேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். மஹ்விஷ் கெட்டிக்காரி, அட்டையை எல்லாம் மேஜைக்குக் கீழே போட்டுவிட்டு, அங்கிள், ஆத்து மேல நிக்குதே, அது இன்னா அங்கிள் என்று கேட்டாள். அவர் முகமெல்லாம் சிவந்தது, பா என்றார், நின்றார், மறுபடியும் பா என்றார், கழுத்து நரம்பு புடைத்து, வேண்டாம் விட்டுவிடுங்கள் என்று நான் சொல்ல வாயெடுத்தபோது பாலம் என்றார். சுத்தமாக இல்லை, நடுவில் ஒரு பெருமூச்சு இருந்தது, ஆனாலும் பாலம்தான். விழுந்த பிறகு அவர் சொன்ன முதல் வார்த்தை என் பெயரும் இல்லை உன் பெயரும் இல்லை சோஃபி, பாலம். நான் அந்த அறையிலேயே உட்கார்ந்து அழுதேன், மஹ்விஷ் எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, ஆன்ட்டி, உங்க பொண்ணு இன்னும் போட்டோ அனுப்புவாங்களா என்றாள்.

அதற்குப் பிறகு உன் படங்கள்தான் அவருக்குப் பாடம். ரோதன்பர்க் போனாயே, மதில் என்று சொல்ல இரண்டு வகுப்பு ஆயிற்று. பாம்பர்க்கில் ஆற்றின் நடுவே நிற்கிற அந்தப் பழைய நகர மாளிகையைப் பார்த்து வீடு என்றார், மஹ்விஷ் அது வீடு இல்லை அங்கிள் என்றதும் கோபித்துக்கொண்டு வீடு, வீடு என்று இரண்டு முறை அழுத்திச் சொன்னார், அவள் வேண்டுமென்றே சண்டை பிடிக்கிறாள் என்று எனக்கு அப்புறம்தான் புரிந்தது. பவுல்சாமிக்குக்கூட விஷயம் தெரிந்துபோய், ஆட்டோவில் உட்கார வைக்கும்போதே, இன்னா சார், இன்னிக்கு எந்த ஊருக்குப் போய்க்கினு கீறோம் என்று கேட்பார், அப்பாவுக்கு வாயின் ஒரு பக்கம் சிரிப்பு வரும். உன்னிடம் சொல்லலாம் என்று போனை எடுத்தால் வேண்டாம் என்று கையை ஆட்டுவார். ஒரு முழு வாக்கியம் சேர்ந்த பிறகு தானே பேசிக் காட்டலாம் என்று நினைத்தாரோ என்னவோ, நானும் அவர் ஆசையைக் கெடுக்கவேண்டாம் என்று இருந்துவிட்டேன்.

இப்போது அத்தை விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை கொட்டிவாக்கத்திலிருந்து வஞ்சிரம் குழம்பு வைத்துக்கொண்டு வந்தாள், தட்டில் சோறு போட்டு அண்ணனுக்குத் தானே முள் எடுத்து ஊட்டினாள். அப்போது உன் வூர்ட்ஸ்பர்க் படம் வந்தது, பாலத்து மேல் கையில் ஐஸ்கிரீமோடு நீயும் உன் சிநேகிதிகளும். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாள். அண்ணன் இப்படிக் கெடக்குது, இவ இன்னாடான்னா வாரா வாரம் ஊர் சுத்திக்கினு இருக்கா, ஒருத்தரும் கேக்கறதில்ல என்றாள். பேச்சை மாற்ற நான் தண்ணீர்ச் சொம்பை அவள் பக்கம் நகர்த்தினேன், ஊற வைத்த துணி இரண்டு நாளாக வாளியில் கிடந்த வாரம் அது. அப்பா இடது கையால் தட்டை ஓங்கித் தட்டினார், சோறு சிதறியது, போ என்றார். தெளிவாக, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி, போ. அத்தைக்கு முகம் செத்துவிட்டது. தன்னை வீட்டை விட்டுப் போகச் சொல்கிறார் என்று நினைத்தாள், நானும் அப்படித்தான் நினைத்தேன். கையைக்கூட சரியாகக் கழுவாமல் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள், சாயந்திரம் குரூப்பில் அதைப் போட்டாள், உன் படங்கள் நின்றன.

படம் இல்லாத அந்த வாரங்கள் ரொம்பக் கஷ்டமாக இருந்தன. பழைய படத்தையே தள்ளித் தள்ளிப் பார்ப்பார், போனை மடியில் கவிழ்த்து வைத்துவிடுவார். மஹ்விஷ் தானாக ஏதேதோ கோட்டை அரண்மனையெல்லாம் கொண்டுவந்து காட்டினாள், முகத்தைத் திருப்பிக்கொண்டார், மகள் போகாத ஊர் அவருக்கு ஊராகவே தெரியவில்லை. நடந்ததையெல்லாம் நான் அவளிடம் கொட்டினேன். அவள் அவர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அங்கிள், அன்னிக்குப் போன்னு சொன்னீங்களே, உங்க தங்கச்சியையா சொன்னீங்க என்று நிதானமாகக் கேட்டாள். இல்லை என்று தலையாட்டினார். அப்போ யாரை என்றாள். போனைக் காட்டினார். சோஃபியாவையா, அவங்கள வீட்டுக்கு வரச் சொல்றீங்களா என்றாள். மேஜையைத் தட்டி இல்லை இல்லை என்று தலையாட்டிவிட்டு, போ, அடுத்த, என்றார். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. மஹ்விஷ் உதவி செய்யவில்லை, எனக்கும் கண்ணைக் காட்டி அடக்கிவிட்டாள், காத்துக்கொண்டே இருந்தோம். அடுத்த ஊரு என்றார். அதன் பிறகு, நாங்கள் யாரும் சொல்லிக்கொடுக்காமல், எங்க என்று கேட்டார். அடுத்த ஊரு எங்க. இதுதான் அவர் சேர்த்து வைத்த வாக்கியம் கண்ணு.

மறுநாளே ஆஃப்ரீன் அம்மா அஃப்சருன்னிசாவை அப்பாவிடம் உட்காரவைத்துவிட்டு நான் பஸ் ஏறி கொட்டிவாக்கம் போனேன். அத்தை கதவைத் திறந்துவிட்டு உள்ளே வா என்றுகூடச் சொல்லவில்லை, நானே போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்ததும், எங்க அண்ணன் என்ன வெளிய போன்னு சொல்லிடுச்சுன்னு நான் சோறே துன்னல அண்ணி என்று என் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். அவளுக்கும் வேறு யார் இருக்கிறார்கள், அண்ணன் போய்விடுவாரோ என்ற பயம், பயத்தை யார் மேலாவது போடவேண்டும், நீ கண்ணில் பட்டாய். வாய் திறந்து மன்னிப்புக் கேட்கிற ரகம் இல்லை அவள், உனக்கே தெரியும். பார்சலில் ஒரு டப்பா அச்சு முறுக்கு இருக்கும், முந்தாநாள் முழுக்க நின்று சுட்டது, மன்னிப்பு அதில்தான் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு அவளுக்கு ஒரு வார்த்தை போட்டுவிடு.

என்னைப் பற்றிக் கேட்பாய். களைத்துப் போயிருக்கிறேன் சோஃபி. அவரைக் குளிப்பாட்டித் துடைத்து உட்காரவைப்பதற்குள் பாதி நாள் போய்விடுகிறது, சோறு ஊட்டும்போது கோபத்தில் துப்பினால் நானும் ஒரு சொல் சொல்லிவிடுகிறேன். நீ வந்தால் எனக்கு ஒத்தாசைதான், இல்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை. ஆனால் படிப்பைப் பாதியில் விட்டு நீயும் இந்தக் கட்டிலைச் சுற்றி வந்துகொண்டிருந்தால் இந்த வீட்டுக்கு வெளியே எங்கள் கண்ணுக்குத் தெரிய ஒன்றுமே இல்லாமல் போய்விடும். காலையில் குளிப்பாட்ட ஒரு ஆள் வர ஏற்பாடு செய்துவிட்டேன், வியாழக்கிழமைகளில் அத்தை வந்து இருப்பதாகச் சொல்லியிருக்கிறாள், அன்றைக்கு நான் தூங்கப்போகிறேன், வேறு ஒன்றும் செய்யப்போவதில்லை.

நேற்று அவரிடமே நேராகக் கேட்டுவிட்டேன். சோஃபி படிப்பை நிறுத்திவிட்டு வருகிறேன் என்கிறாள், வரச் சொல்லட்டுமா என்றேன். வேணாம் என்றார். திக்கவில்லை, திணறவில்லை, பழைய குரல், பள்ளிக்கூட ஆபீஸ் குரல். சொல்லிவிட்டு அழுதார், நெடுநேரம் அழுதார், நான் துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. வேணாம் என்று சொன்னதும் நிஜம், அழுததும் நிஜம், ஒன்றை மறைத்து ஒன்றைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு நீ முடிவெடு, ஆனால் என்னைக் கேட்டால் அவர் அழுகையைவிட அவர் வார்த்தைக்கு மரியாதை கொடு என்பேன். அந்த ஒரு வார்த்தைக்கு அவர் பட்ட பாட்டை நான் பக்கத்தில் இருந்து பார்த்தவள்.

ஆஃப்ரீன் புது ஊரில் தனியாகத் திண்டாடுவாள், அவளையும் ஒரு நாள் கூட்டிக்கொண்டு ப்ராகுக்குப் போய் வா, வேளைக்குச் சாப்பிடு, ராத்திரி ரயிலில் தனியாக வராதே. சாந்தோம் மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாள், அப்பாவும் நானும் உன் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதிக்கிறோம். ஒன்று மட்டும் மறக்காதே. கோபுரத்தையும் கோயிலையும் மட்டும் எடுத்து அனுப்பாதே, ஓரத்திலாவது நீ நில். அவர் முதலில் உன்னைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டுத்தான் ஊரைப் பார்க்கிறார்.

இப்படிக்கு,
உன் அம்மா
மர்சலின் ஃபிரெட்ரிக்