அரை மணி நேர நடை

2018 பெப்ரவரி 5, திங்கள்
இரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. சீனி வருத்தம் வாசலில் நிற்கிறதாம். "மூன்று மாதம் பார்ப்போம். இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், தினமும் அரை மணி நேரம் நடவுங்கள்" என்றார் மருத்துவர். நாள் முழுக்க அலுவலகங்களைக் கூட்டித் துடைக்கிறேனே, அது போதாதா என்று கேட்டேன். போதாதாம். "நடக்கப் பிடிக்காதா?" என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

பெப்ரவரி 6
லிப்ட் எடுக்கவில்லை. நாலு மாடியும் ஏறினேன். மூச்சு வாங்கியது. படி பரவாயில்லை. படியில் பயமில்லை.

பெப்ரவரி 14, புதன்
வேலை முடிந்து, லா சப்பலுக்கு இரண்டு நிறுத்தம் முன்பாக ஜோரேஸில் மெத்ரோ ரயிலை விட்டு இறங்கி நடந்தேன். தலைக்கு மேலே பாலத்தில் மெத்ரோ இரைந்துகொண்டு போகும்போதெல்லாம் தோள் தானாகக் குறுகுகிறது. ஸ்டாலின்கிராட் தாண்டியதும் பின்னால் காலடி. ஒரு காலை இழுத்து இழுத்து. திரும்பினேன். ஒருவருமில்லை.

பெப்ரவரி 25, ஞாயிறு
இன்று என் கணவர் வாமதேவனும் கூட வந்தார்.
"ஏனப்பா திரும்பித் திரும்பிப் பாக்கிறாய்? ஆரும் வருகினமே?"
"இல்லை, சும்மா."
வாமதேவனுக்கும் ஒன்றும் தெரியாது. 2009இல், போரின் கடைசி மாதங்களில், இவர் இங்கே பாரிஸில், நான் வன்னியில். சனத்துக்குள் அண்ணையைத் தவற விட்டேன், பிறகு இராணுவம் அவரை பஸ்ஸில் ஏற்றியதை யாரோ கண்டார்களாம் — எல்லோருக்கும் சொன்னதைத்தான் இவருக்கும் சொன்னேன். யார் கண்டது? ஒருவருமில்லை. நானே சொன்னது.

மார்ச் 11, ஞாயிறு
செவ்ரானிலிருந்து தில்லைநாயகி மச்சாள் வந்தார். அண்ணையின் மனைவி. அண்ணை பிறகு வருவார் என்று, அவருக்கு முன்னமே இங்கு வந்தவர். காணாமல் போனவர்களைத் தேடும் அலுவலகத்துக்கு இன்னொரு கடிதம் எழுதிக்கொண்டு வந்திருந்தார். ஒன்பது வருடமாக எழுதுகிறார்.
"எனக்கும் முழங்கால் பிடிக்குது. உன்னோடை நானும் நடக்கிறன், வா" என்றார். கால்வாய்க் கரையால் போனோம்.
"ராணி, அண்டைக்கும் உப்பிடித்தான் நடந்தனீங்களோ? அவர் உனக்கு முன்னுக்கோ, பின்னுக்கோ?"
பின்னுக்கு, மச்சாள்.
சொல்லிப்போட்டன். எல்லாத்தையும். ஏப்ரல் இருபது. தொடையிலை காயம், ரத்தம் நிக்கேல்லை. காலை இழுத்து இழுத்து வந்தவர், ஒரு பனையடியிலை இருந்திட்டார். "நீ நட, ராணி. நிக்காதை. நான் பின்னாலை வாறன்." நான் நடந்தனான். திரும்பிப் பாக்கேல்லை. பஸ்ஸும் இல்லை, ஏத்தினதும் இல்லை —
மச்சாள் கடிதத்தைக் கைப்பைக்குள் வைத்து மூடிக்கொண்டு தனியே ஸ்டேசனுக்குப் போனார்.

மார்ச் 30
மச்சாளை அழைத்தேன். எடுக்கவில்லை. நடந்தேன்.

ஏப்ரல் 8
இன்றும் எடுக்கவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்திருப்பேன். இவரிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். "நிண்டிருந்தால் நீயும் இல்லை" என்றார். அது எனக்குத் தெரியாதா? தெரிந்து என்ன?

ஏப்ரல் 22, ஞாயிறு
மச்சாள் அழைத்தார். சுகம் விசாரிக்கவில்லை.
"ஏப்ரல் இருபது எண்டு சொன்னனி. வடிவா ஞாபகமோ?"
"ஓம், மச்சாள்."
"ரூ பஜோல் கோயிலிலை ஐயரிட்டைக் கேட்டனான். சித்திரைத் தேய்பிறை ஏகாதசியாம். இந்த வருசம் மே பதினொண்டிலை வருது. திவசம் செய்யப் போறன். வா."
வைத்துவிட்டார்.
அண்ணை செத்ததை நான் காணவில்லை. நான் விட்டுவிட்டு வந்த நாள்தான் அவருடைய திதி.

மே 11, வெள்ளி
சீனி இறங்கிவிட்டது. மருத்துவருக்கு நல்ல சந்தோசம், விடாமல் நடக்கச் சொன்னார். செவ்ரான் ஸ்டேசனிலிருந்து பஸ் எடுக்காமல் நடந்தே மச்சாள் வீட்டுக்குப் போனேன். காலடியும் கூடவே வந்தது.
அண்ணைக்கு விருப்பமான கறியெல்லாம் வைத்து இலை போட்டிருந்தார். கற்பூரம் கொளுத்தப் போனவர் திரும்பி என்னைப் பார்த்தார்.
"கடைசியா என்ன சாப்பிட்டவர்?"
"கஞ்சி, மச்சாள். அண்டு காலமை. உப்பு இல்லாத கஞ்சி."
மச்சாள் குசினிக்குள் போனார். ஒரு சுண்டு அரிசியைக் கழுவி அடுப்பில் வைத்தார். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கஞ்சி கொதித்து வந்ததும் உப்புப் போட்டார். கிண்டினார். கையில் விட்டு ருசி பார்த்தார். பிறகு இன்னும் கொஞ்சம் போட்டார்.