சொல்தாவின் குட்டிகள்

உறுவையாறு,
மாசி 9.

அன்பு மகள் பிரியதர்ஷினிக்கு,

அப்பா எழுதுகிறேன். வில்லியனூர் கோகிலாம்பாள் அம்மன் துணையில் நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் கம்பளி போட்டுக்கொண்டு நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் இருக்கிறோம். சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை, இருக்கிறோம் என்பதோடு விட்டுவிடுகிறேன். மூன்று வருஷமாக உன் அம்மா போனில் பேசும்போது பக்கத்தில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுவிட்டு, அப்பாவிடம் கொடு என்று நீ சொன்னதும் குதிரைக்குத் தண்ணி காட்டணும் என்று எழுந்து போன மனுஷன் இப்போது எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். மூலக்குளத்தில் வீடு கட்டிக்கொண்டு போனாரே ஆண்டனி, அவர் மகள் ரோசி அடுத்த வாரம் அமெரிக்காவுக்குத் திரும்புகிறாள். அவள் கையில் இந்தக் கடிதத்தையும் ஐந்து சின்னப் பொட்டலங்களையும் கொடுத்தனுப்புகிறேன். பொட்டலத்தில் இருப்பது குதிரை மயிர், வேரோடு பிடுங்கியது. அதை வைத்து என்ன பார்ப்பது என்று உனக்குத் தெரியும். நான் எப்படி இதை அனுப்புகிற நிலைமைக்கு வந்தேன் என்பதை மட்டும் நான் சொல்லியாக வேண்டும்.

முதலில் வீட்டுச் சேதி. அம்மாவுக்கு இடது முழங்கால் வீங்கி வீங்கி வடிகிறது, மாத்திரை போட்டால் வயிறு எரிகிறது என்று போடுவதில்லை, நீ சொன்னால் கேட்பாள். மேற்கு கொல்லைக் கரும்பு பூ விட்டு நிற்கிறது, வெட்ட ஆள் கிடைக்கவில்லை. அது கிடக்கட்டும். தை மாதம் நடந்ததை அம்மா உன்னிடம் பாதிதான் சொல்லியிருப்பாள். நம் குதிரை முத்துவை வாங்கிக்கொண்டு போன பாகூர் நாகராஜன், கல்யாணத்துக்குச் சாரட்டு வண்டி ஓட்டுகிறவன், அவன் தை முகூர்த்தம் ஒன்றுக்கு முத்துவைக் கட்டி ஊர்வலம் போயிருக்கிறான். ஏரிக்கரை ரோட்டில் சரவெடி கொளுத்தியிருக்கிறார்கள். முத்து தலையைத் தூக்கினது, பின்னால் நாலடி வைத்தது, கால் எங்கே வைக்கிறோம் என்றே தெரியாமல் அப்படியே பக்கவாட்டில் சரிந்தது. வண்டியும் அதோடு கரையில் உருண்டுவிட்டது. பெண்ணும் மாப்பிள்ளையும் சிராய்ப்போடு தப்பித்தார்கள். நாகராஜன் வண்டிக்கு அடியில் போய்விட்டான். முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே கிள்ளினால் தெரியவில்லை, இனிமேல் தெரியாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். முப்பத்தி நாலு வயசு, இரண்டு பெண் குழந்தைகள். முத்துவுக்கு முன்காலில் எலும்பு வெளியே வந்துவிட்டது, மாட்டு டாக்டர் அங்கேயே ஊசி போட்டு முடித்துவைத்தார். சேதி வந்து நான் போனபோது உடம்பில் சூடு இருந்தது. ஏன் என்று தெரியாமல் பிடரியில் ஒரு கொத்து மயிரைப் பிடுங்கி மடியில் முடிந்துகொண்டேன். நாலாவது பொட்டலம் அதுதான்.

ஊரில் வெடி மேல் பழி போட்டார்கள், கண்ணேறு என்றார்கள், நாகராஜன் நேரம் என்றார்கள். நானும் தலையை ஆட்டினேன். உனக்கும் எனக்கும் தெரியும் அது வெடி இல்லை என்று.

சொல்தாவை நாம் வாங்கினது உனக்கு ஞாபகம் இருக்கும். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கின கிழவர் வீட்டிலிருந்து வந்ததால் சிப்பாய் என்று பிரெஞ்சில் அவரைக் கூப்பிடுகிற பெயரையே குதிரைக்கும் வைத்தோம். நெற்றி மயிர் நடுவில் ராஜசுழி, கழுத்தடியில் ஜோடிச் சுழி, தேடினாலும் ஒரு கெட்ட சுழி கிடையாது. மாட்டுக்குச் சுழி பார்த்தே வளர்ந்தவன் நான், எனக்கு அது போதுமாக இருந்தது. நம் பெட்டை கனகாவோடு சேர்த்ததில் மல்லி பிறந்தாள், அவள் நெற்றியிலும் அச்சடித்த மாதிரி அதே சுழி. நான் துள்ளின துள்ளு உனக்குத் தெரியாது, நீ அப்போது அங்கே போய்விட்டாய். மல்லி வளர்ந்ததும் அவளை எந்தக் குதிரையோடு சேர்ப்பது என்று பேச்சு வந்தபோது நீ போனில் வீரமணியின் குதிரையைச் சொன்னாய். நல்ல எலும்பு, நல்ல மூச்சு, முக்கியமாக வேறு ரத்தம். நானும் பாகூர் போய்ப் பார்த்தேன். முதுகில் பாடைச் சுழி, வீட்டுக்குச் சாவு கொண்டுவரும் என்பார்கள். தொட்டுக்கூடப் பார்க்காமல் திரும்பி வந்துவிட்டேன். அதற்கு முந்தின மாசம் நீயே சொல்லியிருந்தாய், நீ வேலை பார்க்கிற பண்ணையில் இருக்கிற மொர்கன் குதிரை ஜாதியே ஒரே ஒரு ஆண் குதிரையிலிருந்து வந்ததுதான், எந்தக் குட்டியில் எந்தப் பெரிய குதிரையின் ரத்தம் எத்தனை பங்கு என்று ஏழெட்டுத் தலைமுறைக்கு எழுதி வைத்திருக்கிறார்கள், அந்தப் புத்தகத்தைப் பார்ப்பதுதான் உன் வேலை என்று. நான் பாதியைப் பிடித்துக்கொண்டேன். ஒரு குதிரையிலிருந்து ஒரு ஜாதியே வரலாம் என்றால் என் சொல்தாவிலிருந்து ஏன் வரக்கூடாது என்று உன்னிடமே மடக்கினேன். "அந்தக் குதிரைக்கு வெளியிலேர்ந்து எத்தினி பொட்டைங்க வந்துச்சு தெரியுமாப்பா, சொந்தப் பொண்ணையே சேத்துத்தானா அந்த ஜாதி வந்துச்சு?" என்று நீ கேட்டாய். குதிரைக்கு ஜாதகம் எழுதுகிறவள் எனக்குப் பாடம் எடுக்காதே என்று சொல்லிவிட்டு மல்லியைச் சொல்தாவோடேயே சேர்த்தேன். முத்துவுக்கு அப்பனும் சொல்தாதான், அம்மாவைப் பெற்ற தாத்தாவும் சொல்தாதான். நெற்றியில் அதே சுழி. ஊரையே கூட்டிக் காட்டினேன்.

பிறந்தபோது ஒரு குறையும் இல்லை. ஐந்தாம் மாசம் தவிட்டுத் தண்ணியில் வாய் வைக்கும்போது தலை நடுங்க ஆரம்பித்தது. அப்புறம் முன்காலைத் தூக்கித் தூக்கி வைத்தான், பள்ளத்தைத் தாண்டுகிற மாதிரி, வெறும் தரையில். பார்த்தவர்கள் நாட்டியக் குதிரைடா இது, சொல்லிக் கொடுக்காமலே ஆடுது என்றார்கள். நான் பெருமையாக வீடியோ எடுத்து உனக்கு அனுப்பினேன். நீ போன் பண்ணினாய். "அண்ணன் நடந்த மாதிரியே நடக்குதுப்பா" என்றாய். நான் போனை வைத்தேன். அன்றிலிருந்து மூன்று வருஷம்.

அம்மா நீ என்ன சொன்னாய் என்று கேட்டாள், சிக்னல் இல்லை என்று சொன்னேன். அவளிடம் எப்படிச் சொல்வேன்? உன் அம்மா என் சொந்த அக்கா மகள். உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் இந்த இடத்தில் எழுத வேண்டியிருக்கிறது. உன் அண்ணனும் பிறந்தபோது நன்றாகத்தான் இருந்தான். நாலு வயசில் காலைத் தூக்கித் தூக்கி வைத்தான், டம்ளரைப் பிடித்தால் தண்ணீர் சிந்தியது, நாங்கள் சேஷ்டை என்று இரண்டு அடி கூட அடித்திருக்கிறோம். பெரிய டாக்டர் சொந்தத்தில் கல்யாணம் பண்ணியதா என்று கேட்டபோது, எங்க ஊர்ல எல்லாரும் அப்படித்தான் கட்டுறாங்க என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு வந்தேன். அது உண்மைதான், ஆனால் அவர் கேட்டதற்குப் பதில் இல்லை. பதினோரு வயசில் போய்விட்டான். தலையெழுத்து என்று எல்லோரும் சொன்னார்கள், எனக்கு அது வசதியாக இருந்தது. அவன் பெயரை இந்த வீட்டில் வாய்விட்டுச் சொல்லி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. அதற்கு அப்புறமும் எனக்குப் புத்தி வரவில்லை பார், உன்னை உன் தாய்மாமன் ராஜ்மோகனுக்கே கட்டிவைக்க நின்றேன். நீ மாட்டேன் என்று அழுததைப் படித்த திமிர் என்று திட்டினேன். முத்துவின் நடையைப் பார்த்தபோதுதான் நீ எதற்குப் பயந்தாய் என்று தெரிந்தது. தெரிந்ததால்தான் போனை வைத்தேன்.

முத்துவை விற்றது ஏன் என்று இப்போது எழுதுகிறேன், இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. பணத்தேவை ஒன்றும் இல்லை. கொல்லை வாசலில் அது நடந்து வருவதை என்னால் பார்க்க முடியவில்லை. அம்மா பார்ப்பாள், உள்ளே போய்விடுவாள். அதனால் கண்ணுக்கு மறைவாகப் போனால் போதும் என்று நினைத்தேன். பூனை கண்ணை மூடிக்கொண்ட கதை. நாகராஜன் வந்து நடையைப் பார்த்து மயங்கி, "இன்னாணே இப்பிடி ஆடுது, எனக்கே குடுணே" என்றான். ஓட்டிக்கொண்டு போ என்றேன். வண்டியில் கட்டாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. சொன்னால் ஏன் என்று கேட்பான்.

போன வாரம் அவன் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் மல்லாந்து கிடக்கிறான். அவன் பெண்டாட்டி கல்பனா எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள், சின்னப் பெண் அப்பன் காலின் மேல் உட்கார்ந்து விளையாடுகிறது, அவனுக்கு அது தெரியவில்லை. என் பக்கம் தலையைத் திருப்பி, "ணே, படுத்துக்கினே யோசிக்கிறேன். அது ஆட்டம் இல்லணே, சீக்கு. ஒனக்குத் தெரிஞ்சி குடுத்தியா, தெரியாம குடுத்தியா?" என்று கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை கத்திவிட்டு வந்திருப்பேன். தெரியாதுடா என்றேன். உடனே அவன், "வுடுணே, என் நேரம்" என்று எனக்கே ஆறுதல் சொன்னான். மிச்சக் காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன். அன்றிலிருந்து காப்பி வாயில் வைக்க முடியவில்லை.

மல்லி மூன்று வாரத்துக்கு முன்னால் திரும்பவும் குட்டி போட்டிருக்கிறாள். அதுவும் சொல்தாவோடு சேர்த்ததுதான், நாகராஜன் விழுவதற்கு முந்தின வருஷத்துச் சேர்க்கை. தெரிந்தும் செய்தேன், நிறுத்தினால் நீ சொன்னதை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று. பெண் குட்டி, நெற்றியில் அதே சுழி, கொல்லை முழுக்க ஓடுகிறது. ஒரு குறையும் இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது. தினமும் மல்லிக்குத் தவிட்டுத் தண்ணி வைத்துவிட்டு குட்டியின் தலையையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். நான் சேர்க்கை எழுதிவைக்கிற நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு குட்டிக்கும் முகம் வரைந்து சுழி எங்கெங்கே என்று அழகாக வட்டம் போட்டிருக்கிறேன். தாய் யார், தாயைப் பெற்றது யார் என்று ஒரு இடத்திலும் எழுதவில்லை. நீங்கள் ஏழு தலைமுறை எழுதுகிறீர்கள், நான் ஒரு தலைமுறை எழுதவில்லை. மூன்று நாளாக உட்கார்ந்து அம்மாவையும் கேட்டு, வெளியூர்க்காரர்கள் கொண்டுவந்து சேர்த்த பெட்டைகளையும் விசாரித்து எழுதிவிட்டேன். இந்தக் கடிதத்தோடு அந்தத் தாளும் இருக்கிறது. சொல்தாவுக்கு மொத்தம் ஒன்பது குட்டி. அதில் இரண்டை வைத்திருப்பவர்கள் அண்ணன் தங்கையைச் சேர்க்கலாமா என்று யோசனையில் இருக்கிறார்கள், ஜோடிச் சுழி ஒத்துப்போகிறதாம். எங்கே கற்றுக்கொண்டார்கள் என்று கேட்காதே.

பொட்டலங்களின் மேல் பெயர் எழுதியிருக்கிறேன். சொல்தா, கனகா, மல்லி, முத்து, கடைசி அந்தக் குட்டி. அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. மயிர் வேரை வைத்துப் பரம்பரைச் சீக்கு பார்க்கிற பரிசோதனையில் என்ன வந்தாலும் வந்தபடி என்னிடம் சொல், அம்மா வழியாகப் பூசி மெழுகிச் சொல்லி அனுப்பாதே. அது வருவதற்குக் காத்திருக்காமல் வருகிற புதன்கிழமை டாக்டரை வரச்சொல்லிச் சொல்தாவுக்குக் காயடிக்கப் போகிறேன். அது பாவம் ஒரு தப்பும் செய்யவில்லை, கொண்டுபோய் விட்ட இடத்துக்குப் போனது. மற்ற ஆறு குட்டி இருக்கிற வீடுகளுக்கும் போய்ச் சொல்ல வேண்டும். நாகராஜன் வீட்டுக்கு நாளைக் காலையில் போகிறேன். தெரிந்துதான் கொடுத்தேன் என்று சொல்லப் போகிறேன். அவன் காறித் துப்பினால் துடைத்துக்கொள்வேன். அதற்கு மேல் அவனுக்கு என்ன செய்ய முடியுமோ நாங்கள் இருக்கிறவரை செய்வோம், ஆனால் கால் வரப்போவதில்லை, அதை எதைக் கொண்டும் சரிக்கட்ட முடியாது. உன் நம்பரை அவனிடம் கொடுத்துவிட்டு வருவேன். அவன் கூப்பிட்டுக் கேட்டால், மூன்று வருஷத்துக்கு முன்னாலேயே அப்பாவிடம் சொன்னேன் என்று உள்ளதை உள்ளபடி சொல்லு. என்னைக் காப்பாற்றப் பார்க்காதே.

இன்று காலையில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அழுவாள் என்று நினைத்தேன். "எனக்கு முத்து நடந்தப்பவே தெரியும், நீ சொல்லுவேன்னு இருந்தேன்" என்றாள். பிறகு எழுந்து போய் அலமாரிக்குள் இருந்த உன் அண்ணன் படத்தை எடுத்துத் துடைத்து சாமி மாடத்தில் வைத்தாள். நீ வரும்போது பார்ப்பாய்.

குழந்தை, நீ எங்கே இருந்தாலும் நீண்ட ஆயுசோடும் நோய் நொடி இல்லாமலும் இருக்க வேண்டும். உனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொள், எந்த ஊரானாலும் எந்த ஜாதியானாலும் இந்த வீட்டு வாசலில் ஆலாத்தி எடுக்க அம்மா இருக்கிறாள், பக்கத்தில் நான் இருப்பேன். ரோசியிடமிருந்து வாங்கினதும் பொட்டலங்களை ஈரம் படாமல் எடுத்துவை. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு, இந்த முறை நான்தான் எடுப்பேன்.

இப்படிக்கு,
அரிகரனுக்கும் உனக்கும் அப்பா,
உலகநாதன்